குடும்பத்துடன் காணத்தக்கதா? – ஓர் ஆழிப்பேரலைப் படத்தை முன்வைத்து

‘குடும்பத்தோடு பார்க்கலாமா?’

ஒரு திரைப்படத்தைப் பற்றித் தமிழர் இல்லங்களில் எழும் முதல் வினா இதுவாகத்தான் இருக்கும். கதை யாது, இயக்குநர் எவர், நடிப்பு எவ்வாறு என்பனவெல்லாம் அதற்குப் பின்னர்தான். ஆயினும் இவ்வினாவுக்கு நம்மிடையே வழங்கிவரும் பொருள் மிகக் குறுகியது என்பதை அன்பர்கள் அறிவார்கள். தாத்தாவும் பேத்தியும் ஒரே கூடத்தில் அமர்ந்திருக்கும்போது எவரும் தலைகுனிய நேராமல், தண்ணீர் குடிக்கும் சாக்கில் எவரும் எழுந்து செல்லாமல், ஒரு படம் ஓடி முடிந்துவிட்டால் அது ‘குடும்பப் படம்’. அதே படத்தில் ஒருவனை நடுத்தெருவில் ஓட ஓட வெட்டலாம். எரிந்த உடலைக் காட்டலாம். குழந்தையின் கழுத்தில் கத்தியை வைத்து மிரட்டலாம். அதற்காக எவரும் எழுந்து செல்வதில்லை. வெட்கம் நேருமா என்பது ஒன்றே நம் அளவுகோல். அச்சம் நேருமா, துயரம் நேருமா என்பவற்றுக்கு அந்த அளவுகோலில் ஒரு சிறு கோடுகூடக் கிடையாது.

பேரிடர்த் திகில் படங்கள் எனப்படுபவை இந்த அளவுகோலில் எளிதாகத் தேறிவிடுகின்றன. நிலம் பிளக்கிறது, கடல் எழுகிறது, எரிமலை வெடிக்கிறது. காதல் காட்சிக்கு நேரமே இல்லை. ஆகவே குடும்பத்தோடு பார்க்கலாம்! விடுமுறை நாளில் தொலைக்காட்சியில் இத்தகைய படமொன்று ஓடினால், வீட்டில் எவரும் அதனை நிறுத்தச் சொல்வதில்லை. பல்லாயிரவர் மாண்டுகொண்டிருக்க, நாம் சோற்றைப் பிசைந்து உண்டுகொண்டிருப்போம்.

சென்ற கோடை விடுமுறையில் இவ்வினா நம் இல்லத்துக்குள்ளேயே வந்து நின்றது. பதினான்கு அகவை நிரம்பிய நம் மகள், ‘ஸ்பைடர்மேன்’ படங்களில் நடிக்கும் டாம் ஹாலண்டின்பால் பெரும் பற்றுடையவள். அவர் சிறுவனாக நடித்த ‘தி இம்பாசிபிள்’ என்னும் படத்தைப் பற்றி எங்கோ அறிந்து வந்து, ‘எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம்’ என்றாள். எட்டு வயது மகன் உடனே பாயை விரிக்கத் தொடங்கிவிட்டான். ‘என்ன படம்?’ என்று வினவினோம். ‘சுனாமி படம்’ என்றாள். அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த நம் அன்னையாரின் கை ஒரு கணம் நின்று, பின்னர் மீண்டும் ஆயத் தொடங்கியதைக் கண்டோம்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்து நான்கு. 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் காலையில் அவர் நாகப்பட்டினத்தில், கடலுக்கு அருகிலிருந்த தம் தமையனார் வீட்டில் இருந்தார். அவர் பிழைத்தார். தமையனார் பிழைக்கவில்லை. அன்றைய தினம் தமக்கு என்ன நேர்ந்தது என்பதை அவர் எவரிடமும் சொன்னதில்லை. நாமும் கேட்டதில்லை. ஆண்டுதோறும் அந்த நாளில் தொலைக்காட்சி பழைய காட்சிகளை ஒளிபரப்பும்போது, ஓசையின்றி எழுந்து கொல்லைப்புறம் சென்றுவிடுவார். நம் வீட்டில் அது ஒரு வழக்கமாகவே அமைந்துவிட்டது.

ஆதலின், முதலில் நாமும் இல்லாளும் மட்டும் அப்படத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்வதெனத் தீர்மானித்தோம். மகன் விரித்த பாய் மறுபடி சுருட்டப்பட்டது.

படத்தைப் பற்றிச் சில சொற்கள். 2012-இல் வெளிவந்த இதனை இயக்கியவர் ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த பயோனா. தாய்லாந்தின் காவ் லாக் கடற்கரைக்குக் கிறித்துமசு விடுமுறைக்காகச் சென்ற ஒரு குடும்பம், அதாவது தாய், தந்தை, மூன்று ஆண்மக்கள், ஆழிப்பேரலையில் சிதறுண்டு மீண்டும் ஒன்றுசேர்ந்த உண்மை நிகழ்ச்சியே கதை. மரியா பெலோன் என்னும் ஸ்பானியப் பெண்மணியின் குடும்பத்துக்கு நேர்ந்தது அது. தாயாக நவோமி வாட்ஸும், தந்தையாக இவான் மெக்ரெகரும், மூத்த மகன் லூகாஸாக டாம் ஹாலண்டும் நடித்துள்ளனர். அலைக்காட்சியின் பெரும்பகுதி, ஸ்பெயினின் அலிகாந்தே நகரத்துப் படப்பிடிப்பு வளாகத்தில் பெரிய தொட்டியில் உண்மையான நீரைப் பாய்ச்சி எடுக்கப்பட்டது. கணினியால் மட்டும் வரைந்த நீருக்கும் உடலை அடித்துச் செல்லும் மெய்யான நீருக்கும் உள்ள வேறுபாட்டைக் கண் உடனே உணர்ந்துவிடுகிறது.

இனி, சான்றிதழ்கள் என்ன சொல்கின்றன? அமெரிக்காவில் இப்படத்துக்கு ‘பிஜி-13’ என்னும் தரம் வழங்கப்பட்டது. பதின்மூன்று அகவைக்குட்பட்ட பிள்ளைகளைப் பொறுத்தவரை பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். 1984-இல் ஏற்படுத்தப்பட்ட பிரிவு அது. இந்தியாவில் 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி நெடுங்காலம் ‘யு’, ‘ஏ’ என்னும் இரண்டே பிரிவுகள் பெரிதும் வழக்கில் இருந்தன. அனைவரும் காணலாம், அல்லது வயது வந்தோர் மட்டும் காணலாம், இடைநிலை ஒன்றில்லை. 1983-இல்தான் ‘யு/ஏ’ வந்தது. 2023-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அந்த இடைப்பிரிவையும் 7, 13, 16 என அகவை வாரியாக மூன்றாகப் பகுத்தது. நல்ல மாற்றமே, ஏழு வயதுப் பிள்ளையும் பதினாறு வயது இளைஞனும் ஒன்றல்லர் என்பதைச் சட்டம் ஒருவழியாக ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கருதிப் பாருங்கள். 2009-இல் ‘2012’ என்றொரு படம் வந்தது. உலகமே அழிகிறது. 2015-இல் ‘சான் ஆண்ட்ரியாஸ்’ வந்தது. கலிபோர்னியாவின் நகரங்கள் நிலநடுக்கத்தில் சரிகின்றன. இவ்விரண்டு படங்களுக்கும் அமெரிக்காவில் அதே ‘பிஜி-13’தான். ஒரே முத்திரை பெற்ற மூன்று படங்கள். ஆயின் மூன்றையும் பார்த்த எவரும் அவை ஒரே வகையின என்று கூற மாட்டார்.

‘2012’ படத்தில் நகரங்கள் சீட்டுக்கட்டுபோல் சரிகின்றன. நாயகன் தன் குடும்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு பிளந்துவரும் சாலையில் பறக்கிறான். அவனுக்குப் பின்னால் எத்தனை ஆயிரம் பேர் விழுந்தார்கள் என்பது நம் நினைவில் நிற்பதில்லை. வரவிருக்கும் அழிவை முதலில் கண்டறிந்த இந்திய அறிவியலாளரும் அவர் குடும்பமும் அலைக்கு இரையாகும் காட்சி சில நொடிகளில் கடந்துபோகிறது. ஆனால் ஒரு சிறு நாய் கம்பியின்மீது நடந்து பேழைக்குள் தாவித் தப்பும்போது பார்ப்போர் மனம் நிம்மதி கொள்கிறது. அந்த நாய்க்கு முகம் தந்த படம், மாண்டுபோன மக்களுக்கு முகம் தரவில்லை. எட்டு வயதுப் பிள்ளை அப்படத்தைச் சற்றும் அஞ்சாமல் பார்த்துவிடும். அது அஞ்சாமல் பார்ப்பதுதான் நமக்குக் கவலை தருகிறது. பிறர் சாவு என்பது பின்னணியில் ஓடும் வேடிக்கை என்பதை அது ஓசையின்றிக் கற்றுக்கொள்கிறது.

‘தி இம்பாசிபிள்’ நேர்மாறானது. அலை படத்தின் தொடக்கப் பகுதியிலேயே வந்து போய்விடுகிறது. எஞ்சிய நேரமெல்லாம் அலை விட்டுச்சென்றதைப் பற்றியதே. தாயின் தொடையில் சதை பிளந்து தொங்குகிறது. மருத்துவமனையில் அடுத்தடுத்த கட்டில்களில் கிடக்கும் பெண்கள், விழுங்கிய சேற்றையும் குப்பையையும் வாயிலிருந்து உருவி எடுக்கிறார்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் ‘2012’ கோடிக்கணக்கானோரைக் கொல்கிறது; இந்தப் படம் பெரும்பாலும் ஒரே ஒரு பெண்ணின் உடலைக் காட்டுகிறது. ஆயினும் நம்மை நடுங்க வைப்பது இரண்டாவதுதான்.

இவ்விடத்தில் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை நினைவுகூர்தல் தகும். எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சம் ஒன்று. அது பிறக்கும் இடங்களாக ஆசிரியர் நான்கினைக் கூறுகிறார்: வருத்தும் தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் அரசன். கடலும் நிலநடுக்கமும் அப்பட்டியலில் தனியே இல்லை. வருத்தும் தெய்வம் என்பதற்குள் அவற்றை அடக்கிக்கொள்ளலாம் போலும். அழுகை பிறக்கும் இடங்களில் இழப்பும், நிலைகுலைவும் அடங்கும். நாம் வியந்து நோக்குவது பெருமிதத்தைத்தான். அது பிறக்கும் நான்கு இடங்களுள் அஞ்சாமையும் கொடையும் அடங்குகின்றன. மறக்களத்தில் பகைவனை வெல்வது மட்டும் பெருமிதம் அன்று, கொடுப்பதும் பெருமிதமே.

ஒரு பேரிடர்ப் படம் அச்சத்திலேயே தொடங்கி அச்சத்திலேயே முடிந்தால் அது பூச்சாண்டி காட்டும் வேலை. அச்சத்திலிருந்து அழுகைக்கும், அழுகையிலிருந்து பெருமிதத்துக்கும் பார்ப்பவனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றால் அது வேறு. இந்தப் படத்தில் அலை வடிந்ததும், காயமுற்ற தாயும் மகனும் மேடான இடத்தைத் தேடிச் செல்கிறார்கள். எங்கோ ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்கிறது. மறுபடி அலை வந்துவிடும், நாம் போய்விடலாம் என்கிறான் சிறுவன் லூகாஸ். அவன் சொல்வது அறிவுக்கு ஒத்ததே. தாய் கேட்கவில்லை. தம் உயிரே போவதாயினும் அக்குழந்தையைத் தேடியே ஆகவேண்டும் என்கிறாள். தேடிக் கண்டெடுக்கிறார்கள். பின்னர் மருத்துவமனையில் அதே லூகாஸ், காணாமற்போனோரின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு, கட்டில் கட்டிலாக ஓடி, ஒரு தந்தையையும் மகனையும் சேர்த்து வைக்கிறான். ஓடிப்போகலாம் என்றவன் பிறருக்காக ஓடுகிறான். சொற்பொழிவு எதுவும் இல்லாமல் ஒரு பிள்ளை வளர்வதைப் படம் காட்டிவிடுகிறது. நம் மகள் வயதுப் பிள்ளைகள் காண வேண்டியது இதுதான் என்று அப்போதே தோன்றியது.

நம் பழைய அளவுகோல் உறுத்திய இடமும் ஒன்று உண்டு. நீரில் உடை கிழிந்து தாயின் மார்பு வெளித்தெரிய, மகன் அதைக் காண நேர்கிறது. அமெரிக்கச் சான்றிதழிலேயே சிறிது நிர்வாணம் உண்டு என்று குறித்திருக்கிறார்கள். நம் வீடுகளில் தொலையியக்கியைத் தேடிக் கை போகும் இடம் அது. ஆனால் அக்காட்சியில் நிகழ்வது என்ன? மகன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். தாய் உடையை இழுத்துக் கட்டிக்கொள்கிறாள். பார்வையாளனுக்கு முன்பே அந்தச் சிறுவன் தலைகுனிந்துவிட்டான். காயமுற்ற உடலுக்குச் செய்யப்படும் மரியாதை அது. வெட்கத்தை மட்டுமே அளக்கும் கோல் இந்த ஒரு காட்சியைக் காட்டி இப்படத்தை விலக்கும்; பிணங்களைக் குவிக்கும் படத்துக்கு வரவேற்பு கூறும். கோல் பழுதானது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பிள்ளைகளின் மனத்தில் நெடுநேரம் தங்கக்கூடிய மற்றோர் இடம், தந்தை ஹென்றியின் முடிவு. இளைய மகன்கள் இருவரும் அவரிடம் கிடைத்துவிட்டார்கள். மனைவியும் மூத்தவனும் எங்கே என்று தெரியவில்லை. அவர் சிறுவர் இருவரையும் பிறருடன் வண்டியில் ஏற்றி மலைப்பகுதிக்கு அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் தேடப் போகிறார். கிடைத்த பிள்ளைகளைப் பிரிந்து, கிடைக்காதோரைத் தேடுவது சரியா? மணிமேகலையைப் பாடம் நடத்தும்போதெல்லாம் இதனை ஒத்த வினா ஒன்று நம் வகுப்பில் எழுவதுண்டு. கடலில் காணாமற்போன தன் மகனைத் தேடி அலைந்த சோழ மன்னன் இந்திரவிழாவை மறந்தான். அதனால் புகார் நகரம் கடலுக்குள் போயிற்று என்கிறது காப்பியம். விழாவை நிறுத்தியது குற்றமாக இருக்கலாம், ஆனால் மகனைத் தேடிய தந்தைக்கு ஒரு நகரமே தண்டனையா என்று மாணவியர் கேட்பார்கள். அன்று ஒரு தந்தையின் தேடலால் ஊர் அழிந்தது. இங்கே ஊர் அழிந்தபின் ஒரு தந்தை தேடுகிறார். கடல்கொண்ட கதைகளைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த இனம் நம்முடையது. சாவைக் கதையில் சொல்வது பிள்ளைகளுக்கு ஆகாது என்று நம் முன்னோர் ஒருபோதும் கருதவில்லை.

படம் முடிந்தபின் நாமும் இல்லாளும் கலந்து பேசினோம். எட்டு வயதுக்காரனுக்கு இப்போது வேண்டாம். அவனால் கதையைத் தாங்க முடியும். அந்தத் தொடைக் காயத்தைத் தாங்க முடியாது. படத்தில் அவனையொத்த சிறுவர் இருவர் பெற்றோரைப் பிரிந்து இரவைக் கழிக்கிறார்கள். அது அவன் உறக்கத்துக்குள் வரும். பதினான்கு வயதுக்காரி பார்க்கலாம், நாம் உடனிருந்தால். இதுவரை முடிவு எளிதாகவே இருந்தது. சான்றிதழும் ஏறத்தாழ இதைத்தான் சொல்கிறது.

சான்றிதழ் சொல்லாத ஒருவர் வீட்டில் இருந்தார். அகவையைக் கணக்கிடும் எந்தச் சட்டமும் எழுபத்து நான்கு வயதுப் பெண்மணியைப் பாதுகாக்கப்பட வேண்டியவராகக் கருதுவதில்லை. ‘குடும்பம்’ என்றால் பெற்றோரும் பிள்ளைகளும். அதில் இளையோருக்கே காவல் வேண்டும் என்பது அதன் எண்ணம். 2004-இல் தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். நாகை மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 6,000 பேர். அவர்கள் ஒவ்வொருவரையும் இழந்த வீடுகள் உண்டல்லவா? அந்த வீடுகளில் இப்படத்தைக் குடும்பத்தோடு பார்க்கலாமா என்று எந்த வாரியத்தைக் கேட்பது?

அம்மாவிடமே சொன்னோம். ‘பாப்பா அந்தப் படத்தைப் பார்க்க ஆசைப்படுகிறாள். உள்ளறையில் காதில் மாட்டிக்கொண்டு பார்க்கச் சொல்கிறோம். ஓசை வராது’ என்றோம். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ‘எதுக்கு ஒளிச்சுவச்சுப் பாக்கணும்? கூடத்துலயே பாக்கட்டும். நானும் ஒக்காந்துக்கிறேன்’ என்றார்.

மகனை அவன் தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு ஞாயிறு பிற்பகலில் நாங்கள் நால்வரும் அமர்ந்தோம். அலை எழுந்தபோது அம்மா கண்களை மூடிக்கொண்டார். ஓசையைக் குறைக்கட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று கையசைத்தார். மகள் படத்தைப் பார்த்ததைவிட அப்பாயியின் முகத்தைப் பார்த்ததே மிகுதி. ஆங்கில உரையாடல்களை அவ்வப்போது தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

காயமுற்ற அந்தத் தாயைத் தாய்லாந்துக் கிராமத்தார் தூக்கிச் செல்கிறார்கள். அவ்வூர்ப் பெண்கள் அவளுக்குத் தங்கள் உடையை எடுத்து உடுத்திவிடுகிறார்கள். மொழி தெரியாத அவள் அழுதபடியே நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள். ‘அப்பாயி, அவங்க தாங்க்ஸ் சொல்றாங்க’ என்றாள் மகள்.

‘எனக்கும் ஒருத்தி இப்புடித்தான் கட்டிவிட்டா’ என்றார் அம்மா.

நாங்கள் மூவரும் திரும்பினோம். அம்மா திரையைப் பார்த்தபடியே சொன்னார். ‘தண்ணி மேல கெடந்ததையெல்லாம் உருவிக்கிட்டுப் போயிருச்சு. கருவமுள்ளுல மாட்டிக்கிட்டுக் கெடந்தேன். அவதான் இழுத்துவுட்டா. மஞ்சப் பொடவை. ஈரமாத்தான் இருந்துச்சு. எங்கேருந்து எடுத்தாளோ, என்னைச் சுத்திக் கட்டிவுட்டா. அவ புள்ளையத் தேடிக்கிட்டு வந்தவ. கட்டிவுட்டுட்டு மறுபடி தேடப் போயிட்டா. பேருகூடக் கேக்கலை.’

இருபது ஆண்டுகளில் அன்றைய நாளைப் பற்றி அவர் வாய்திறந்து நாம் கேட்டது அதுவே முதன்முறை. மகள் எழுந்து சென்று அவர் அருகில் அமர்ந்துகொண்டாள். படம் ஓடிக்கொண்டிருந்தது. அதை எவரும் நிறுத்தவில்லை.

இறுதியில் அக்குடும்பம் ஒன்றுசேர்கிறது. மேல் மருத்துவத்துக்காகச் சிங்கப்பூருக்கு விமானத்தில் அழைத்துச் செல்லப்படுகிறார்கள். சாளரத்தின் வழியே சிதைந்த கடற்கரையைக் கண்டு தாய் அழுகிறாள். அத்துடன் படம் முடிகிறது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘நல்லா இருக்கட்டும்’ என்றார். பிறகு கேட்டார்: ‘இவங்க ஊருக்குப் போயிட்டாங்க. அந்தச் சட்டையைப் போட்டுவுட்டவ வீடு என்னாச்சுன்னு காட்டவே இல்லையே?’

இப்படத்தைப் பற்றி உலகெங்கும் திறனாய்வாளர் பலர் எழுப்பிய குறை இதுவேதான். ஸ்பானியக் குடும்பத்தின் கதையை ஆங்கிலேயக் குடும்பத்தின் கதையாக மாற்றிவிட்டார்கள். தாய்லாந்து மக்கள் உதவ வருவார்கள், தூக்குவார்கள், உடுத்துவார்கள், பின் மறைந்துபோவார்கள். தாய்லாந்தில் மாண்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அயல்நாட்டவர் என்பது உண்மைதான். மற்றப் பாதிப்பேர் அந்த மண்ணின் மக்கள். விமானம் ஏறிப் போக அவர்களுக்கு வேறோர் ஊர் இல்லை. ‘2012’ படத்தில் மாண்டவர்களுக்கு முகமில்லை என்றோம். இப்படம் முகம் தந்தது. ஆனால் எல்லார்க்கும் தரவில்லை. திறனாய்வுக் கட்டுரை எதனையும் படித்திராத அம்மா, புடவை கட்டிவிட்ட ஒருத்தியின் பக்கத்தில் நின்று அதனைக் கண்டுகொண்டார்.

அந்த வினாவை எழுப்பத் தூண்டியதும் இப்படமே என்பதை மறுப்பதற்கில்லை. குடும்பத்துக்கு ஏற்ற பேரிடர்ப் படம் என்று எதைக் கூறலாம் எனக் கேட்டால், நம் விடை இதுதான்: அச்சமே இல்லாத படம் அன்று, குருதி குறைந்த படமும் அன்று. அங்கே மாண்டவர் எவரோ ஒருவர் அல்லர் என்று உணர்த்தும் படம். முடிந்தபின் வீட்டிலுள்ளோரை ஒருவரோடொருவர் பேச வைக்கும் படம். பார்த்து முடித்ததும் அனைவரும் எழுந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டால், அந்தப் படத்தில் ஒரு துளி குருதி இல்லாவிடினும் அது குடும்பத்துக்கு ஆகாது என்றே சொல்வோம்.

அச்சந்தரும் கதையைப் பிள்ளைகளிடமிருந்து முற்றாக மறைப்பதும் காவல் ஆகாது. இந்தோனேசியாவின் சிமெலுவே தீவு, 2004-இல் நிலநடுக்கம் தோன்றிய இடத்துக்கு மிக அருகில் உள்ளது. 1907-இல் அங்கு ஒரு பேரலை வந்து பலரைக் கொன்றது. அதனை ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டு, தாலாட்டிலும் கதையிலும் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள் அத்தீவினர். நிலம் நெடுநேரம் ஆடினால், கடல் பின்வாங்கினால், மலைக்கு ஓடு என்பதே அதன் சாரம். 2004-இல் அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 78,000 பேரில் மாண்டவர்கள் ஏழு பேர் மட்டுமே. அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் தீவில், டில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டு பெற்றோரை எச்சரித்தாள். இரு வாரங்களுக்கு முன்பு புவியியல் வகுப்பில் அவளுடைய ஆசிரியர் ஆழிப்பேரலையைப் பற்றிக் கற்பித்து, ஹவாய்த் தீவைத் தாக்கிய பேரலையின் படக்காட்சியையும் காட்டியிருந்தார். அக்கடற்கரையில் இருந்தோர் வெளியேறி உயிர் தப்பினர். பத்து வயதுப் பிள்ளைக்கு அலையைக் காட்டலாமா என்று அந்த ஆசிரியர் தயங்கியிருந்தால் என்னவாகியிருக்கும்?

நாகையிலோ, சுமத்திராவில் நிலம் நடுங்கியதற்கும் அலை வந்ததற்கும் இடையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் காலம் இருந்தது. எச்சரிக்க ஏற்பாடு எதுவும் இல்லை. ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் 2007-இல்தான் வந்தது. இன்று கருவி இருக்கிறது. கதை இருக்கிறதா என்பதே நம் வினா. 2004-க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு அது பாடநூலில் வரும் ஒரு பத்தி மட்டுமே.

தாய்மாமன் வீட்டிலிருந்து திரும்பிய மகன், தனக்கு மட்டும் படத்தைக் காட்டவில்லை என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். மூன்றாம் நாள் இரவு அப்பாயியின் பாயில் போய்ப் படுத்துக்கொண்டு, ‘அந்தக் கதையை எனக்குச் சொல்லு’ என்றான். அம்மா சொன்னார். தொடைக் காயம் அந்தக் கதையில் இல்லை. முள் இருந்தது, மஞ்சள் புடவை இருந்தது. ‘கடலு வழக்கத்துக்கு மாறா உள்ள போனாலும் சரி, வெளிய வந்தாலும் சரி, நின்னு வேடிக்கை பாக்கக் கூடாது. மேட்டுக்கு ஓடிடணும். ஒரு அலை போனதும் முடிஞ்சுதுன்னு திரும்பி வரக் கூடாது’ என்றும் சொன்னார். ‘அந்த மஞ்சப் பொடவை அம்மாவுக்கு அவங்க புள்ள கெடச்சுச்சா?’ என்று கேட்டான் அவன். ‘தெரியலப்பா’ என்றார் அம்மா.

ஆகவே, கேட்கும் நண்பர்களுக்கு நாம் சொல்வது இது. பதின்மூன்று வயது கடந்த பிள்ளைகளோடு இப்படத்தைத் தாராளமாகப் பார்க்கலாம். அதனினும் இளையோருக்கு இன்னும் சில ஆண்டுகள் பொறுக்கலாம். முதலில் நீங்கள் தனியே பார்த்துவிடுங்கள். வீட்டில் கடலிடமோ வெள்ளத்திடமோ எவரையேனும் பறிகொடுத்தவர் இருப்பின், அவரிடம் கேளுங்கள். அவருக்காக நீங்களே முடிவு செய்துவிட வேண்டாம். படம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடும். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு வேறு வேலை எதனையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.